எதிர்காற்றில் ஏழு நாள்: அயர்லாந்து ஏரிகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் பயணம்

என்ஃபீல்டு தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். கால்வாய்க்கரையில் இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நானும் தம்பியும் பேச்சே இல்லாமல் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேனூத்தில் சைக்கிளை எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த தூரம் 24 கிலோமீட்டர். ஏற்றமே இல்லாத தார்ப் பாதை, நல்ல வெயில். ஆனால் கிளம்பியதிலிருந்து காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. மல்லிங்காருக்கு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்று எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மேற்கே, ஷானன் ஆறு வரைக்கும் என்றோம். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "காற்று வருவதே அங்கிருந்துதானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அயர்லாந்தில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடல் பக்கமிருந்து வரும். பதினோரு வருடமாக டப்ளினில் இருக்கிற எனக்கு இது தெரியும். குடை திரும்பிக்கொள்ளும் திசையை வைத்தே தெரியும். ஆனால் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டபோது அது நினைவுக்கு வரவில்லை. வீட்டிலிருந்து தொலைவுக்குப் போய்த் திரும்புவதுதான் பயணம் என்ற பழக்கத்தில், கிழக்கிலிருந்து மேற்கே கோடு போட்டுவிட்டேன். இத்தனைக்கும் நாங்கள் மேனூத்தில் இறங்கிய அதே ரயில் லாங்ஃபோர்டு வரைக்கும், அதற்கு அப்பால் ஸ்லைகோ வரைக்கும் போகிறது. லாங்ஃபோர்டில் இறங்கி டப்ளின் நோக்கி மிதித்திருந்தால் இதே காற்று முதுகைத் தள்ளியிருக்கும். இந்தப் பாதையில் போக நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: போகும்போது ரயில், வரும்போது சைக்கிள்.

ரயிலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வழித்தட ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், அதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எங்களோடு வருவதாக இருந்த தோழி மூன்றாவது ஆள் என்பதாலேயே வர முடியாமல் போனது. மூன்று நான்கு பேராகப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வேறு வேறு ரயில் பிடிப்பதுதான் வழி.

இந்தத் தீவின் கடற்கரையை எல்லோரையும்போல நானும் காரில் சுற்றியிருக்கிறேன். நடுநாட்டைப் பார்த்ததே இல்லை. டப்ளினிலிருந்து கால்வேக்குப் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். பச்சை வயலும் மாடும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். கார்க்கில் வேலை பார்க்கும் தம்பிதான் 2025 செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, ஏரி ஏரியா போலாம். கார் வராத ரோடா பாத்து போலாம்" என்றான்.

கார் வராத சாலை அங்கே நிறையவே உண்டு. அவற்றில் முதலாவது ராயல் கால்வாய். டப்ளினிலிருந்து ஷானன் ஆற்றுக்குப் படகில் சரக்கு கொண்டுபோக 1790இல் வெட்டத் தொடங்கி, 1817இல் ஆற்றைத் தொட்டார்கள். படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக்குகள் மொத்தம் 46. குதிரைகள் கரையில் நடந்து படகைக் கயிற்றால் இழுத்தன. அந்தக் குதிரைப் பாதைதான் இன்று சைக்கிள் பாதை. மேனூத்திலிருந்து ஷானன் கரை வரை 130 கிலோமீட்டர், 2021இல் கிரீன்வே என்ற பெயரில் திறந்தார்கள்.

லாங்வுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கால்வாய் பாய்ன் ஆற்றுக்கு மேலே கல்பாலத்தில் போகிறது. ஆற்றின் மேல் ஆறு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தால் கீழே பாய்ன் ஓடுகிறது, முழங்கைக்குப் பக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அப்போது பக்கத்துப் பாலத்தில் ரயில் ஒன்று போயிற்று. கால்வாயும் ரயிலும் இப்படி ஒட்டியே போவதற்குக் காரணம் இருக்கிறது. 1845இல் ஒரு ரயில்வே கம்பெனி இந்தக் கால்வாயையே விலைக்கு வாங்கி, அதன் கரை நிலத்தில் தண்டவாளம் போட்டது. மூன்றே வருடத்தில் ரயில் மல்லிங்காருக்கு வந்துவிட்டது. கால்வாய் மெல்ல மெல்லப் படகில்லாமல் போய், 1961இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் தன்னார்வமாகச் சேறு வாரி, கதவுகளைச் சரிசெய்து, 2010இல் முழுக் கால்வாயிலும் மறுபடி படகு போக வைத்தார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் எங்களுக்கு இந்தப் பாதையும் இருந்திருக்காது.

மல்லிங்காரை அடைந்தபோது மணி ஆறரை. தங்கும் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. கிராமப்புற அயர்லாந்தில் வீட்டுக்கு எண்ணே இருக்காது, பல இடங்களில் தெருவுக்குப் பெயரும் இருக்காது. ஆனால் 2015இலிருந்து ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இலக்கம் கொண்ட 'ஏர்கோட்' கொடுத்திருக்கிறார்கள். அதை அலைபேசியில் போட்டால் அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். தங்குமிடம் பதிவு செய்யும்போதே ஏர்கோடைக் கேட்டு ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த விரலுக்கு அலைபேசித் திரை பணியாது.

இரண்டாம் நாள் கால்வாயை விட்டு வடக்கே திரும்பி, டெராவாரா ஏரிக்குப் போனோம். க்ரூக்டுவுட் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் ஏரி தெரிகிறது. நீளமான, ஒடுங்கிய ஏரி. தென்கிழக்கு முனையில் நாக்கியன் குன்று தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. அயர்லாந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இந்த ஏரியில்தான் நடக்கிறது. லிர் என்பவரின் நான்கு பிள்ளைகளை மாற்றாந்தாய் ஈஃபா குளிக்கக் கூட்டி வந்து, மந்திரக் கோலால் அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். தொள்ளாயிரம் வருடச் சாபம். முதல் முந்நூறு வருடம் இந்த ஏரியில். உருவம் போனாலும் குரல் போகவில்லை. அவர்கள் பாடுவதைக் கேட்க நாடே கரையில் வந்து உட்கார்ந்திருந்ததாம்.

நாங்கள் போனபோதும் அன்னங்கள் இருந்தன. ஒன்பது எண்ணினேன். காற்று படாத ஒரு நாணல் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. கதை தெரிந்தபின் அவற்றை வெறும் பறவையாகப் பார்க்க முடியவில்லை. தம்பியும் அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. நாளுக்கு 70 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருந்தால் இந்த அரை மணி கிடைத்திருக்காது. முதல் நாள் தவிர மற்ற நாட்களில் நாங்கள் ஐம்பதைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஏரியும் பழைய இடங்களும் பார்க்கப் போகிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அங்கிருந்து கேஸில்பொலார்டு வழியாக ஃபோர் பள்ளத்தாக்கு. மல்லிங்காருக்கு வடக்கே நிலம் குண்டும் குழியுமாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு மேடும் சின்னதுதான், ஆனால் முடிந்தது என்று நினைக்கும்போது அடுத்தது வரும். ஃபோர் ஊருக்குள் இறங்கும்போது புல்வெளி நடுவே பாழடைந்த பெரிய மடம் தெரிந்தது. டிக்கெட் இல்லை, கதவு இல்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஏழாம் நூற்றாண்டில், 630 வாக்கில், ஃபெய்க்கின் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். இப்போது புல்வெளியில் நிற்கிற பெரிய கட்டடம் அதற்குப் பல நூற்றாண்டு கழித்து நார்மன்கள் காலத்தில் வந்த பெனடிக்டைன் மடம்.

ஃபோரில் ஏழு அதிசயங்கள் என்று சொல்வார்கள். சதுப்பில் எழும்பிய மடம், மேல்நோக்கி ஓடும் தண்ணீர், வாய்க்கால் இல்லாத ஆலை, எரியாத மரம், கொதிக்காத தண்ணீர், கல்லுக்குள் துறவி, பிரார்த்தனையால் தூக்கி வைத்த கல். எனக்குப் பிடித்தது தண்ணீர்தான். குன்றுக்கு அந்தப் பக்கம் லீன் ஏரி இருக்கிறது. அதன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து, குன்றுக்கு அடியில் போய், இந்தப் பக்கம் ஊற்றாக வெளிவருகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தண்ணீர் குன்றேறி வந்ததாகத்தான் தோன்றும். காரணம் தெரிந்தபிறகும் அந்த ஊற்றின் பக்கத்தில் நிற்கும்போது அதிசயம் குறையவில்லை. சரிவில் இருக்கும் சின்னத் தேவாலயத்தின் வாசலுக்கு மேலே அந்தப் பெரிய கல் இருக்கிறது, வட்டத்துக்குள் ஒரு சிலுவை செதுக்கியிருக்கிறார்கள். பெயர்போன இடங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் ஃபோருக்குத்தான் போவேன்.

மூன்றாம் நாள் நாங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம் ஒரு சட்டம். நல்ல சட்டம். அயர்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிப் புதர்களை வெட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம். அதனால் செப்டம்பர் பிறந்ததும் ஊருக்கு ஊர் டிராக்டரில் வெட்டு இயந்திரத்தை மாட்டிக்கொண்டு ஆறு மாத வளர்ச்சியைச் சீவித் தள்ளுகிறார்கள். வேலியில் இருப்பது ஹாதார்னும் பிளாக்தார்னும். இரண்டும் முள். பிளாக்தார்ன் முள் நம் ஊர்க் கருவேல முள்ளுக்குச் சளைத்ததில்லை. சீவிய கிளைகள் பெரும்பாலும் சாலையிலேயே கிடக்கும்.

கேஸில்பொலார்டிலிருந்து மல்ட்டிஃபார்னம் போகும் குறுஞ்சாலையில் முதல் பங்சர். அதை ஒட்டி முடித்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தம்பியின் முன் சக்கரம். அன்றைக்கு மட்டும் நான்கு. மூன்றாவது பங்சர் நாங்கள் ஒட்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி. அப்போதுதான் புரிந்தது, முதல் முள்ளின் முனை டயருக்குள்ளேயே முறிந்து நின்றிருந்தது. டியூபை மாற்றிவிட்டு டயரை அப்படியே போட்டுவிட்டோம். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, வெளிப்புறத்தை வளைத்து வெளிச்சத்தில் பார்த்து, முள் முனையை வெளியே எடுத்தபிறகுதான் டியூபைப் போட வேண்டும். இதற்குப் புருவம் திருத்தும் இடுக்கி மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். என் கைப்பையில் தற்செயலாக இருந்தது எங்களைக் காப்பாற்றியது. ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுத்துண்டுகள், நல்ல பம்ப், பங்சர் தாங்கும் பட்டை வைத்த 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். செப்டம்பரில் குறுஞ்சாலைகளில் போகிறவர்கள் இதில் எதையும் குறைக்காதீர்கள். மே, ஜூனில் போனால் இந்தத் தொல்லை குறைவு. பொழுதும் இரவு பத்து மணி வரை இருக்கும்.

நான்காவது பங்சருக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியபோதுதான், என் பின்பக்கக் கேரியரின் ஒரு போல்ட் காணாமல் போயிருப்பதைப் பார்த்தேன். இரண்டு பைகளின் எடையும் ஒரே பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த டிராக்டர் நின்றது. ஓட்டி வந்தவர் எதுவும் கேட்கவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து வைக்கோல் கட்டும் நீல நைலான் கயிற்றை எடுத்து, கேரியர் காலைச் சட்டத்தோடு சேர்த்து எட்டுப் போட்டுக் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, மீதிக் கயிற்றையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டு கடைசி நாள் வரை தாங்கியது. அந்த ஊர்களில் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார். நாமும் தலையசைக்க வேண்டும். இரண்டு நாளில் அது பழகிவிட்டது. டப்ளினுக்கு வந்தபிறகும் தலை தானாக அசைந்தது.

சாலைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலகையில் 'என்' என்று தொடங்கும் தேசியச் சாலைகளில் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் போகும், ஓரத்தில் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே வேண்டாம். 'ஆர்' சாலைகள் பரவாயில்லை. 'எல்' என்று வரும் உள்ளூர்ச் சாலைகள்தான் சைக்கிளுக்கு. அவற்றின் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனோம். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குத் தடுமாற்றம் இல்லை.

மல்ட்டிஃபார்னம் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் டெராவாரா, இன்னொரு பக்கம் ஓவல். ராயல் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுப்பது இந்த ஓவல் ஏரிதான். 845இல் டர்கெய்ஸ் என்ற வைக்கிங் தலைவனைப் பிடித்து மெயில் செக்னல் என்ற அரசன் மூழ்கடித்துக் கொன்றதும் இதே ஏரியில். நாங்கள் கரையில் இறங்கவில்லை. பங்சரில் போன நேரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது, மழையும் ஆரம்பித்துவிட்டது.

பாலினகார்கியில் மறுபடி கால்வாயைப் பிடித்து, இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஆபிஷ்ரூல் வந்து சேர்ந்தோம். பெயரிலேயே மடம் இருக்கும் ஊர், சிஸ்டர்சியன் துறவிகள் கட்டியதன் இடிபாடு ஆற்றங்கரையில் நிற்கிறது. இந்த ஊர்களில் சாப்பாட்டுக்கு மாலை எட்டு மணிக்கு மேல் எதையும் நம்ப முடியாது. ஞாயிறு, திங்கள் சமையல் இல்லாத இடங்களும் உண்டு. நாங்கள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் ஒரு டப்பா பருப்புப் பொடியும் கொண்டுபோயிருந்தோம். பெட்ரோல் பங்குக் கடைகளில் வேகவைத்த சோறு பொட்டலமாகக் கிடைக்கும், சூடு பண்ணியும் தருவார்கள். அன்று நனைந்த உடம்போடு புளிச்சோறு சாப்பிட்டது தனி ருசி. காலையில் தங்கும் வீட்டுக்காரர்கள் சோடா பிரெட்டும் ஓட்ஸ் கஞ்சியும் வயிறு நிறையத் தருவார்கள். சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

நான்காம் நாள்தான் அந்தச் செருப்புகளைக் கவனமாகப் பார்த்தேன். கால்வாய் ஓரத்தில் ஆங்காங்கே கல்லின் மேல் ஒரு ஜோடி சின்னக் காலணி, வெண்கலத்தில் வார்த்தது. முதல் நாளே ஒன்றைக் கடந்திருக்கிறோம், ஏதோ குழந்தைகளுக்கான அலங்காரம் என்று நினைத்து நிற்கவில்லை. கீனாவுக்கு முன்னால் மழை விட்டதும் ஒன்றின் பக்கத்தில் நின்று படித்தோம்.

1847 மே மாதம், உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் குத்தகைக் குடும்பங்களிலிருந்து 1,490 பேர் இந்தக் கால்வாய்க்கரையில் டப்ளினுக்கு நடந்தார்கள். கூட ஒரு ஆள் அனுப்பப்பட்டான், அவர்கள் கப்பல் ஏறினார்களா என்று பார்க்க. பண்ணையார் டெனிஸ் மேஹனுக்கு அவர்களை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடும் செலவைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றும் செலவு குறைவு. டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து கியூபெக். வழியிலும் கரை சேர்ந்த இடத்திலும் காய்ச்சலில் ஏராளமானோர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து டப்ளின் வரை 165 கிலோமீட்டரைப் பஞ்ச வழி என்று குறித்து, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தக் காலணிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பாழ்வீட்டுக் கூரையில் கிடைத்த பழைய குழந்தைக் காலணிகளை மாதிரியாக வைத்து வார்த்தது.

நான் குனிந்து அதில் கை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கியது. மழைத் தண்ணீர் நின்றிருந்தது. அவர்கள் கிழக்கே நடந்த வழியில் நாங்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தோம், அதாவது அவர்கள் விட்டுவந்த வீடுகளை நோக்கி. அதற்குப் பிறகு ஒரு காலணியையும் நிற்காமல் கடக்கவில்லை. தம்பி ஒவ்வொன்றிலும் தேங்கிய தண்ணீரை வழித்து ஊற்றிவிட்டு வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கீனாவிலிருந்து சில கிலோமீட்டர் விலகினால் கோர்லி. சுற்றிலும் பீட் எனும் கரிமண் வெட்டிய சதுப்பு, அடிவானம் வரைக்கும் பழுப்பு. 1984இல் எரிபொருளுக்காக இந்தக் கரிமண்ணை இயந்திரத்தில் வெட்டியபோது ஓக் பலகைகள் தட்டுப்பட்டன. தோண்டிப் பார்த்தால் ஒரு சாலை. மரத்தின் வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டு கி.மு. 148 என்று கண்டுபிடித்தார்கள். பேரி ராஃப்டெரி என்ற தொல்லியல் பேராசிரியர் வருடக்கணக்கில் அகழ்ந்தார். அந்தச் சாலையின் 18 மீட்டர் துண்டைப் பதப்படுத்தி, ஈரப்பதம் மாறாத ஒரு கூடத்தில், அது கிடந்த சதுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதி பார்த்துப் போங்கள்.

அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். குளிர், மங்கல் வெளிச்சம், பிளந்த ஓக் பலகைகள் தோளோடு தோள் சேர்ந்து கிடக்கின்றன. மூன்று நான்கு மீட்டர் நீளப் பலகைகள், குறுக்கே அடுக்கியது. வண்டியே போகும் அளவுக்கு அகலம். இத்தனை மரத்தை வெட்டி, பிளந்து, சுமந்து போட்ட அந்தச் சாலை பத்து வருடத்துக்குள் தன் பாரத்தாலேயே சதுப்புக்குள் அமிழ்ந்துவிட்டது. அமிழ்ந்ததால்தான் அழுகாமல் இருந்தது. யார் போட்டார்கள், எங்கே போகப் போட்டார்கள் என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. அன்று மாலை க்ளூண்டாராவில் கால்வாய் முடிந்து ஷானன் வரும்வரை தம்பி அந்தப் பலகைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். குதிரைக்காகப் போட்டதில் போகிறோம், ரயிலுக்காகப் போட்டதில் போகப்போகிறோம், "இதுல மட்டும் யாரு அக்கா போயிருப்பாங்க?" என்றான்.

ஐந்தாம் நாள் லேன்ஸ்பரோ வழியாக, ரீ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிய சின்னச் சாலைகளில் அத்லோனுக்கு இறங்கினோம். ஏரியை அடிக்கடி பார்த்துக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் பலிக்கவில்லை. சாலை கரையைத் தொடுவது சில இடங்களில்தான், மற்றபடி வேலியும் தோப்பும். தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் படகுத்துறைக்குப் போகும் கிளைச் சாலைகளில் இறங்கி ஏற வேண்டும். அப்படி ஒன்றில் இறங்கி நின்றபோது எதிரே இன்ச்க்ளேரான் தீவு. கொனாட் அரசி மேவ் அங்கே தினமும் காலையில் குளிக்க வருவாளாம். அவளைப் பழிவாங்கக் காத்திருந்தவன் கரைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்து, கம்பத்தின் மேல் ஆப்பிள் வைத்துக் கவண் அடித்துப் பழகினானாம். கடைசியில் கவணில் வைத்து அடித்தது ஒரு கெட்டிப்பட்ட பாலாடைக் கட்டி.

ஆறாம் நாள் மூட்டைகளை அத்லோன் விடுதியிலேயே விட்டுவிட்டு வெறும் சைக்கிளில் க்ளான்மக்னாய்ஸ் போனோம், போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நீண்ட பயணத்தில் இப்படி ஒரு நாள் வைத்துக்கொள்வது உடம்புக்கும் சைக்கிளுக்கும் நல்லது. 544இல் கியரான் என்ற இளம் துறவி ஷானன் வளைவில் இந்த மடத்தைத் தொடங்கினார். கட்டி முடிக்க அவர் இருக்கவில்லை, முப்பத்துமூன்று வயதில் நோயில் இறந்தார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த இடம் அப்படி. வடக்கு தெற்காக ஆறு. கிழக்கு மேற்காக எஸ்கர், அதாவது பனிப்பாறை உருகிய தண்ணீர் அதன் அடியில் ஓடியபோது படிந்த மணல் சரளை மேடு. சுற்றிலும் சதுப்பாக இருந்த காலத்தில் கால் நனையாமல் நாட்டின் குறுக்கே நடக்க அந்த மேடுதான் சாலை. ஆற்றுவழியும் மேட்டுவழியும் சந்திக்கும் இடத்தில் மடம். அறுநூறு வருடத்துக்கு மேல் அது கல்வி நகரமாக இருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

பெரிய வட்டக் கோபுரத்தை 1124இல் முடித்தார்கள், 1135இல் இடி விழுந்து தலை போயிற்று. பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலுவை நான்கு மீட்டர் உயரம், நான்கு பக்கமும் சிற்பம். வெளியே நிற்பது நகல், உண்மையானதைக் காட்சிக்கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பேராலயத்தின் வடக்கு வாசல் வளைவில் ஒரு பக்கம் வாயை வைத்து முணுமுணுத்தால் மறுபக்கம் காதில் கேட்கும். தொழுநோயாளிகள் அங்கே நின்று பாவ மன்னிப்புக் கேட்டார்கள், பாதிரியார் தொடாமல் கேட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். நாங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். தம்பி மெதுவாக, "அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கணும் அக்கா" என்றான். கல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. காலையில் பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன்னால் போனதால்தான் அந்த வளைவு எங்கள் இருவருக்கு மட்டும் கிடைத்தது. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

ஏழாம் நாள் அத்லோனிலிருந்து மல்லிங்காருக்கு, பழைய ரயில் பாதை. 1851இல் கால்வே வரைக்கும் போட்ட இருப்புப்பாதையில் இந்தப் பகுதியில் பயணிகள் ரயில் 1987இல் நின்றது. 2015இல் அதன் ஓரத்தில் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் சைக்கிள் பாதை போட்டார்கள். அத்லோனில் 2023இல் ஷானனுக்குக் குறுக்கே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமான பாலமும் வந்துவிட்டது. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் என்று ஒன்று தெரியவே தெரியாது. பக்கத்திலேயே துருப்பிடித்த தண்டவாளம் புல்லுக்குள் கூட வருகிறது. மோட் நிலையத்தில் நடைமேடை, மேம்பாலம், கல் கட்டடம் எல்லாம் ரயில் வரப்போவது மாதிரியே நிற்கின்றன.

காற்று அதே தென்மேற்குக் காற்றுதான், ஆனால் இப்போது முதுகில். முதல் நாள் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் திணறிய கால்கள் இன்று இருபதைத் தாண்டிப் போயின. காதில் காற்றுச் சத்தமே இல்லை. சக்கரச் சத்தம், பாதையோரத்தில் பறவைச் சத்தம், பின்னால் தம்பி பாடும் சத்தம். ஆறு நாளும் அவன் பாடியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காலை பத்தேகாலுக்குக் கிளம்பி, மோட்டில் தேநீர் குடித்து, ஒன்றரைக்கு மல்லிங்கார் நிலையத்தில் இருந்தோம்.

டப்ளின் ரயிலில் சைக்கிள்களைக் கட்டிவிட்டு, கால்வாய் தெரியும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தோம். மழை வலுத்தது. லாக் கதவுகள், கல்பாலங்கள், நாணல் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடின. முதல் நாள் முழுக்க மிதித்த தூரம் முக்கால் மணிக்குள் பின்னால் போனது. என்ஃபீல்டு வருவதற்குச் சற்று முன்னால் நாங்கள் எலுமிச்சை சாதம் சாப்பிட்ட பெஞ்சைத் தம்பிதான் முதலில் பார்த்தான். அதைத் தாண்டி இரண்டு பேர், மஞ்சள் மழைக்கோட்டு, பின்னால் பெரிய பைகள், தலையைக் குனிந்துகொண்டு மேற்கே மிதித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கண்ணாடியில் கை வைத்து ஒரு விரலை மட்டும் தூக்கினான்.